பக்தி இருக்கட்டும், இந்தத் தவறுகள் வேண்டாம்: எடிட்டர் பிரியர்களுக்கு

கோட் எழுதப் பயன்படும் எடிட்டர்களில் விம் நல்லதா ஈமாக்ஸ் நல்லதா என்ற சண்டை, இன்று அதைப் போடுகிற பலருடைய வயதைவிட மூத்தது. இரண்டுக்கும் வேர் 1976-இல் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய், பின்னால் வி-ஐ என்று பேர் எடுத்த எடிட்டரை எழுதத் தொடங்கியது அப்போதுதான்; விம் அதன் மேம்பட்ட வாரிசு. எம்ஐடி-யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், டெக்கோ என்ற எடிட்டருக்கு ஆளாளுக்கு எழுதி வைத்திருந்த மேக்ரோக்களை (பல கட்டளைகளைச் சேர்த்த குறுக்குவழிகளை) ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் ஒழுங்குபடுத்தி ஈமாக்ஸ் ஆக்கியதும் அதே ஆண்டு. இன்று பெரும்பாலானவர்கள் மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட் எடிட்டர் பக்கம் போய்விட்டார்கள். சண்டை ஓய்ந்தபாடில்லை, பங்காளிகள்தான் கூடியிருக்கிறார்கள்.

நாள் முழுக்கக் கை படுகிற கருவி மேல் பிரியம் வருவது இயல்பு. அதைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை இல்லை. அந்தப் பிரியத்துக்கான செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. சில சமயம் நம் சுண்டுவிரல் கட்டுகிறது, சில சமயம் பக்கத்து சீட்டுக்காரர், சில சமயம் கம்பெனி சர்வர்.

பழைய கீபோர்டை வேதமாக்குவது

விம் பழக வருகிறவருக்கு முதல் உபதேசம்: அம்புக்குறிப் பட்டன்களைத் தொடாதே, எச், ஜே, கே, எல் மட்டும்தான். ஏன் என்று கேட்டால், கை நடுவரிசையை விட்டு நகரக் கூடாது என்பார்கள். அந்தப் பலன் உண்மைதான், ஆனால் வழக்கம் பிறந்த கதை வேறு. பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் (பெரிய கணினியோடு இணைந்த திரையும் கீபோர்டும்) தனியாக அம்புக்குறிப் பட்டன்களே கிடையாது. அந்த நாலு எழுத்துகளின் பட்டன்களிலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். எஸ்கேப் பட்டன் இன்று டேப் இருக்கிற இடத்தில், க்யூவுக்கு ஒட்டினாற்போல் இருந்தது. கன்ட்ரோல், இன்றைய கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில்.

கட்டளைகள் ஓரெழுத்து, ஈரெழுத்தாகச் சுருங்கியதற்கும் ஒரு காரணம் உண்டு. அவர் வீட்டிலிருந்து நொடிக்கு 300 பிட் மோடம் வழியாக வேலை பார்த்தவர். அதாவது நொடிக்குச் சுமார் 30 எழுத்து. எண்பதுக்கு இருபத்துநாலு திரையை ஒரு தடவை முழுதாக நிரப்ப 1,920 எழுத்து வேண்டும், ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். திரையைச் சும்மா சும்மா புதுப்பிக்கச் சொல்லாத எடிட்டர்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

இந்தக் கதை தெரியாமல், எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்குத் திரும்ப அழுத்த வேண்டிய, மூலையில் ஒதுங்கிவிட்ட இன்றைய எஸ்கேப்பை நாள் பூராவும் எட்டி எட்டி அழுத்திக்கொண்டு, 'விம் என்றால் அப்படித்தான்' என்று பல்லைக் கடிப்பது வீண். ஆபரேட்டிங் சிஸ்டம் செட்டிங்கிலேயே கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாகவோ கன்ட்ரோலாகவோ மாற்றிக்கொள்ளுங்கள். அடிக்கடி கன்ட்ரோல் அழுத்தும் ஈமாக்ஸ்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். அந்தக் காலத்து லிஸ்ப் மெஷின் என்ற கணினியின் கீபோர்டில் கன்ட்ரோல் ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்திலேயே இருந்தது, கட்டைவிரலால் அழுத்தலாம். இன்றைய லேப்டாப்பில் அந்தச் சுமை முழுக்கச் சுண்டுவிரலுக்கு. ஸ்டால்மனுக்கே தொண்ணூறுகளில் கைவலி முற்றி, டைப் செய்ய ஆள் வைக்க வேண்டி வந்தது. கடைசியில் குற்றவாளி என்று அவர் அடையாளம் கண்டது, அழுத்தமாகத் தட்ட வேண்டியிருந்த கீபோர்டை. லேசாகத் தட்டினால் போதுமான ஒன்றுக்கு மாறிய பிறகு வலி பெரும்பாலும் போயிற்று. ஆகவே கை வலித்தால் எடிட்டரை மாற்றுவதற்கு முன் கீபோர்டைப் பாருங்கள்.

விம்மிடம் உண்மையில் கற்க வேண்டியது அதன் வாக்கிய அமைப்பு. 'அழி' என்பதற்கு டி, 'மாற்று' என்பதற்கு சி, அதன்பின் எதை என்பது. சி, ஐ, மேற்கோள் குறி என்று மூன்று தட்டு தட்டினால் மேற்கோளுக்குள் இருப்பது காலியாகி, புதிதாக எழுதக் கர்சர் காத்திருக்கும். அடுத்த இடத்துக்குப் போய்ப் புள்ளியை அழுத்தினால் அதே மாற்றம் மறுபடியும். இது பிடிபட்டவர் அம்புக்குறியால் நகர்ந்தாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இரவல் கான்ஃபிக்

யூடியூபில் ஒருவருடைய திரை ஜொலிக்கிறது. அவருடைய எடிட்டர் அமைப்புகள் அடங்கிய கான்ஃபிக் முழுவதையும் இறக்கிக்கொள்கிறோம். நாற்பது பிளகின் (கூடுதல் வசதிக்கான சேர்க்கைகள்), நமக்குத் தெரியாத ஷார்ட்கட், எங்கோ ஒரு வரியில் நாம் எழுதாத மொழிக்கான அமைப்பு. ஒரு வாரம் கழித்து ஏதோ ஒன்று முறிகிறது. எந்த வரி என்று தேடப் போனால் ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான்.

விம்முக்கு மாற நினைத்தால் விம்டியூட்டர் என்று டெர்மினலில் (இன்று கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) தட்டுங்கள். விம்மோடு வரும் பாடம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு ஒரு வரிகூட இல்லாத கான்ஃபிக்கில் தொடங்கி, ஒரு எரிச்சல் வரும்போது ஒரு வரி சேருங்கள். இன்னொன்று: டெட்லைன் வாரத்தில் எடிட்டர் மாற்றாதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

நாலு வரி மாற்றத்துக்கு நானூறு வரி டிஃப்

என் பார்வையில் பெரிய தவறு இது, ஏனென்றால் இதில் செலவைக் கட்டுவது அடுத்தவர். உங்கள் எடிட்டரில் 'சேவ் செய்யும்போது ஃபார்மட் செய்' என்று வைத்திருக்கிறீர்கள். டேப் எல்லாம் ஸ்பேஸ் ஆகிறது, வரிக்கடைசி வெற்றிடம் எல்லாம் துடைக்கப்படுகிறது, மேற்கோள் குறி ஒற்றையிலிருந்து இரட்டையாகிறது. நீங்கள் திருத்தியது ஒரே ஒரு இஃப் நிபந்தனை. மாற்றத்தைச் சேர்க்கக் கேட்டு நீங்கள் அனுப்பிய புல் ரிக்வெஸ்டைத் திறந்து சரிபார்க்கும் ரிவ்யூவருக்கு, மாறியதைக் காட்டும் டிஃப்பில் கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையும். அந்த ஒரு வரியைத் தேடி அலுத்துப்போய் அவர் 'ஓகே' போட்டுவிடுவார். பிழை உள்ளே நுழைவது அந்த வாசலில்தான். ஆறு மாதம் கழித்து 'இந்த வரியை யார் எழுதினார்' என்று, கோடின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில், வரிவரியாக ஆளைக் காட்டும் பிளேமில் பார்த்தால், எழுதியவர் பெயருக்குப் பதில் எல்லா வரியிலும் உங்கள் பெயர்.

ஃபார்மட் மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதற்கு மட்டும் தனியாக ஒரு கமிட் (கிட்டில் ஒரு தடவை பதிவாகும் மாற்றம்) போடுங்கள். கிட் 2.23 முதல், குறிப்பிட்ட கமிட்களை பிளேமில் கணக்கில் எடுக்காதே என்று ஒரு பட்டியல் கொடுக்க வசதி இருக்கிறது. அந்தக் கமிட்டின் எண்ணை அதில் சேர்த்துவிட்டால் பழைய வரலாறு தப்பும். டேப்பா ஸ்பேஸா என்பதை எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் எழுதி ப்ராஜெக்டின் வேரில் வைத்தால், விம்காரருக்கும் விஎஸ் கோட்காரருக்கும் ஒரே சட்டம். விஎஸ் கோடுக்கு அதற்கான எக்ஸ்டென்ஷனைப் போட வேண்டும். டேப்பை எல்லா இடத்திலும் ஸ்பேஸாக்குகிறவர்கள் ப்ரோக்ராமைக் கட்டும் கட்டளைகளை எழுதும் மேக்ஃபைல் ஒன்று இருப்பதை மறந்துவிடுவார்கள். அதில் கட்டளை வரிக்கு முன்னால் டேப்தான் வேண்டும். ஸ்பேஸ் போட்டால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று நின்றுவிடும், கண்ணால் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

இதே வகையில் இன்னொன்று, எடிட்டர் போடும் குப்பை. விம் திறந்திருக்கும்போது சேமிக்காத வேலையைக் காக்க எஸ்டபிள்யூபி என்று முடியும் ஸ்வாப் கோப்பும், ஈமாக்ஸ் சேவ் செய்யும்போது பெயருக்குப் பின்னால் நெளிகோடு போட்ட பேக்கப் கோப்பும் உருவாகும். இவற்றைக் கமிட் செய்வது அசிங்கம் என்றால், வெப் சர்வர் ஃபோல்டரில் விட்டுவைப்பது ஆபத்து. பிஎச்பி என்ற மொழியில் எழுதிய கோப்பை சர்வர் இயக்கிக் காட்டும், உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வெளியே தெரியாது. அதே கோப்பின் பேக்கப் பிஎச்பி என்று முடியாததால், அதை வெறும் எழுத்தாக அப்படியே கேட்டவருக்குக் கொடுத்துவிடும். இந்தப் பெயர்களை வரிசையாகத் தட்டிப் பார்ப்பது தாக்குகிறவர்களுக்கு அன்றாட வேலை. உங்கள் எடிட்டரின் குப்பைப் பெயர்களை ப்ராஜெக்டின் கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ள வேண்டாத கோப்புகளின் பட்டியலில்) திணிக்காமல், உங்கள் கணினிக்கான பொதுவான கிட் எக்ஸ்க்ளூட் கோப்பில் போடுங்கள். யாருடைய எடிட்டரோ அவருடைய குப்பைக்கூடை.

சர்வரில் போய் முழிப்பது

நேர் எதிரான தவறும் உண்டு. 'எனக்கு விஎஸ் கோட் போதும், கறுப்புத் திரை எதற்கு' என்று வி-ஐயை எட்டிக்கூடப் பார்க்காமல் இருப்பது. இரவு இரண்டு மணிக்கு சர்வரில் ஒரு வரி மாற்ற வேண்டும், அங்கே இருப்பது அதுதான். கிட் கமிட்டில் செய்தி கொடுக்க மறந்தால் பல கணினிகளில் திறப்பதும் அதுதான். விம்மை விட்டு வெளியே வருவது எப்படி என்று ப்ரோக்ராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வந்த கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவை பார்த்திருந்தார்கள் என்றால், மாட்டிக்கொண்டவர்களின் கூட்டத்தை யோசித்துப் பாருங்கள்.

வெளியே வரும் வழி: எஸ்கேப், பிறகு கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். சேமித்துவிட்டு வர, க்யூவுக்கு முன்னால் டபிள்யூ சேர்த்து ஆச்சரியக்குறியை விட்டுவிடுங்கள். பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தித் திரை உறைந்துபோனால் பதற வேண்டாம். பல டெர்மினல்களில் 'வெளியீட்டை நிறுத்து' என்பதன் குறி அது, கன்ட்ரோல் க்யூ மறுபடி ஓட விடும். கன்ட்ரோல் இசட் அழுத்தியதும் விம் மறைந்துவிட்டால் அது மூடப்படவில்லை, பின்னால் தூங்குகிறது. எஃப்ஜி என்று தட்டினால் எழுந்து வரும்.

மறைந்ததை மூடியதாக நினைத்து அதே கோப்பைத் திரும்பத் திறப்பவர்கள்தான் அந்தப் புகழ்பெற்ற ஸ்வாப் எச்சரிக்கையைப் பார்ப்பார்கள். பாதிப் பேர் படிக்காமலே 'எப்படியும் திருத்து' என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், மீதிப் பேர் ஸ்வாப்பை அழிக்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால் இரண்டு வரி படியுங்கள். ப்ராசஸ் எண்ணுக்குப் பக்கத்தில் 'ஸ்டில் ரன்னிங்' என்று இருந்தால், நீங்களோ சக ஊழியரோ இன்னொரு ஜன்னலில் அதைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். வெளியேறி அங்கே போங்கள். அப்படி இல்லாமல் 'மாடிஃபைடு: யெஸ்' என்று இருந்தால், கரன்ட் போனபோதோ கனெக்‌ஷன் அறுந்தபோதோ சேமிக்காமல் விட்ட வேலை உள்ளே இருக்கிறது. ரெகவர் கொடுத்து, வேறு பெயரில் சேமித்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ஸ்வாப்பை அழியுங்கள்.

எக்ஸ்டென்ஷன் எல்லாம் அலங்காரம் என்று நினைப்பது

எக்ஸ்டென்ஷன் என்பது உங்கள் பெயரில், உங்கள் உரிமைகளோடு ஓடும் ப்ரோக்ராம். நிறம் மாற்றுவதற்காகப் போட்டது சர்வருக்குள் நுழைய வைத்திருக்கும் உங்கள் எஸ்எஸ்எச் சாவியைப் படிக்க முடியும். விஎஸ் கோட் புது ஃபோல்டரைத் திறக்கும்போது 'இதை எழுதியவர்களை நம்புகிறீர்களா' என்று கேட்பதும் இதனால்தான். நம்பாதபோது 'நம்புகிறேன்' என்று தட்டாதீர்கள், கட்டுப்பாட்டு முறையிலேயே கோடைப் படிக்கலாம். 'நம்முடையது வெறும் எழுத்து எடிட்டர், நமக்கு அந்தத் தொல்லை இல்லை' என்று விம்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். கோப்புக்குள்ளேயே செட்டிங் எழுத வைக்கும் மோட்லைன் வசதியில் 2019-இல் ஒரு ஓட்டை வெளியானது. தயாரித்து வைத்த கோப்பைத் திறந்தாலே கட்டளை ஓடும் அளவுக்கு மோசம். விம்மும் அதிலிருந்து பிரிந்த நியோவிம்மும் உடனே அடைத்தன. பழைய பதிப்பை அப்டேட் செய்யாமல் வைத்திருப்பது பற்றின் அடையாளம் ஆகாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். விம்மில் தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் அழுத்தினால், அடுத்துத் தட்டுவது ஜே ஆகப் போகாது, தமிழ் எழுத்தாகப் போகும், கட்டளை வேலை செய்யாது. மோட் (எழுதும் நிலை, கட்டளை நிலை) மாறும்போது விசைப்பலகையும் மாறும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அல்லது தமிழுக்கு ஈமாக்ஸ் நல்லது. அதற்குள்ளேயே தமிழ் உள்ளீட்டு முறைகள் இருக்கின்றன, ஷார்ட்கட் எப்போதும் போல வேலை செய்யும். டெர்மினலுக்குள் கொ, கோ போன்ற எழுத்துகள் சிதறித் தெரிந்தால் எடிட்டரைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் அது டெர்மினலின் குறை.

எடிட்டரை வைத்து ஆளை எடை போடுவது

ஸ்டால்மன் மேடையில் அங்கி போட்டு, தலைக்குப் பின்னால் பழைய கணினி டிஸ்க்கை ஒளிவட்டமாக வைத்துக்கொண்டு 'புனித இக்னூசியஸ்' ஆக வருவார். வி-ஐயைப் பயன்படுத்துவது பாவமா என்று கேட்டால், சுதந்திர மென்பொருளான வி-ஐ பாவம் அல்ல, பிராயச்சித்தம் என்பார். அது கிண்டல், சிரித்துவிட்டுப் போக வேண்டியது. அதையே நேர்முகத் தேர்வில் நிஜமாக்கி, மவுஸைத் தொட்ட பையனைப் பார்த்துப் புருவம் தூக்கும் லீடுகளைத்தான் சகிக்க முடியவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பயன்படுத்துவது மைக்ரோ ஈமாக்ஸ் என்ற, பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டேயிராத சிறிய எடிட்டர். அதை வைத்து லினக்ஸைப் பற்றி என்ன முடிவுக்கு வர முடியும்?

இது என்றைக்கும் இருக்கும் என்று நம்புவது

ஆட்டம் எடிட்டரை, கோட் சேமிக்கும் தளமான கிட்ஹப் 2014-இல் கொண்டுவந்தபோது, ஒரு தலைமுறை இனி வேறொன்று வேண்டாம் என்று உட்கார்ந்தது. 2018-இல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2022 டிசம்பர் 15 அன்று ஆட்டம் முடித்துவைக்கப்பட்டது. ஆட்டத்துக்காக உருவான எலெக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல்தான் இன்றைய விஎஸ் கோட் ஓடுகிறது என்பது வேடிக்கை. எந்த எடிட்டருக்கும் இது வரலாம் என்று வைத்துக்கொண்டு, அந்த எடிட்டருக்குள் மட்டும் புரியும் வடிவத்தில் குறிப்புகளையும் பில்ட் கட்டளைகளையும் பூட்டி வைக்காதீர்கள். 'ரன் பட்டனை அழுத்தினால் ஓடும்' என்பது மட்டுமே டீமுக்குத் தெரிந்த வழி என்றால், டெர்மினலில் அதே வேலையைச் செய்யும் கட்டளையை ப்ராஜெக்டோடு வரும் ரீட்மீ குறிப்பில் எழுதி வையுங்கள்.

ப்ரோக்ராம் மொழிகளைப் பற்றி எடிட்டருக்கு இருக்கும் அறிவு விஷயத்தில் இந்தக் கவலை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. 2016-இல் வெளியான லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகாலுக்குப் பிறகு, பெயர் மாற்றுவது, வரையறைக்குத் தாவுவது போன்றவற்றை எடிட்டருக்கு வெளியே தனி ப்ரோக்ராம் செய்கிறது. நியோவிம் 2021-இல் 0.5 பதிப்பிலிருந்து அதை உள்ளேயே வைத்திருக்கிறது, ஈமாக்ஸிலும் வேலை செய்யும். பைத்தானுக்கோ ரஸ்ட்டுக்கோ நீங்கள் விஎஸ் கோடில் பார்க்கும் அதே உதவி பெரும்பாலும் மற்றவற்றிலும் கிடைக்கும். மாறுவதென்றால், விரல் பழக்கத்தை மட்டும் சில வாரம் பொறுத்துக்கொண்டால் போதும்.