நிலவு வீட்டுக்குப் பஞ்சு சுற்றாதீர்கள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு நிலவு வீடு ஒன்று செய்திருந்தார்கள். ஒரு பெட்டி, அதைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குப் பஞ்சு. "விண்வெளி ரொம்பக் குளிராமே, சார்!"

பெரியவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே பெரிய சிக்கல் குளிரல்ல, உள்ளே தேங்கும் சூடுதான். தோட்டத்து வேலைக்குப் போகிறவர் விடியுமுன் தெர்மாஸில் ஊற்றிய கோப்பி, பத்து மணிக்குப் பசியாறும்போதும் நாக்கைச் சுடும். இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றில்லை, சூடு தப்பிக்க வழியில்லை. விண்வெளி வீட்டைச் சுற்றியும் அதே வெற்றிடம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளே சுமார் 100 வாட் சூட்டை விடுகிறார்; கணினியும் பம்பும் அதற்கு மேல். அதை வெளியே தள்ளக் கதிர்வீச்சு ஒன்றுதான் வழி. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் உள்ளே ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கி, வெளிக் குழாயில் ஓடும் அம்மோனியாவிடம் கொடுக்கிறது. அது அகன்ற தகடுகளுக்குப் போய்ச் சூட்டை விண்வெளியில் விடுகிறது. அம்மோனியாவை உள்ளே விடுவதில்லை, கசிந்தால் ஆளுக்கே ஆபத்து. பிள்ளைகளின் பெட்டியில் தகட்டுக்கு இடமே இல்லை.

வெயிலை மறப்பது இன்னொரு தவறு. 1973இல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் ஏவப்பட்டபோது வெளிக்கவசம் பிய்ந்துபோய், உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. பின்னால் போன வீரர்கள் ஒரு சிறு துவாரம் வழியே குடையை நீட்டி விரித்தார்கள். ஆமாம், குடைதான்!

நிலவின் நடுக்கோட்டருகே பகலில் சுமார் 120 டிகிரி, இரவில் மைனஸ் 130. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 14 நாள் நீளும். வெயிலில் காய்ந்த தகரக் கூரை மழை விழுந்ததும் டக், டக் என்று சத்தம் போடுமே, அதே சுருக்கம்தான் அங்கே வீட்டின் ஒவ்வொரு இணைப்பையும் இழுக்கும். நம் பால்மரத்து ரப்பரில் வளையம் போட்டு அடைக்கலாம் என்று நினைத்தால், மைனஸ் 70 வாக்கிலேயே அது கண்ணாடி மாதிரி விறைத்துவிடும்.

சரி, மண்ணுக்குள் புதைத்தால்? நல்ல யோசனை. ஒரு மீட்டர் ஆழத்தில் பகல் இரவு வித்தியாசமே தெரியாது. அப்போலோ 15, 17 நிலவுப் பயணங்களில் வைத்த கருவிகள் அளந்து சொன்னது இது. ஆனால் தகடு வெளியேதான் நிற்க வேண்டும்.

இதைச் சொன்னதும் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "அப்போ ராத்திரி 14 நாளும் அந்தத் தகடு சூட்டை விட்டுக்கிட்டே இருந்தா, உள்ள இருக்கிறவங்க உறைஞ்சிட மாட்டாங்களா, சார்?"

பகலில் திறந்து இரவில் மூட, தகட்டுக்கு ஒரு கதவு வைக்கச் சொன்னேன். அட்டையில் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.