கொலனோஸ்கோப்பிக்கு முன் மயக்க மருந்தைப் பற்றியும் கேளுங்கள்
தண்டையார்பேட்டையில் இருக்கும் என் மாமாவுக்கு 76 வயது. பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்குப் போன அன்று அத்தை அவருடைய மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் அள்ளிப் போட்டு வந்தார். அதுதான் உதவியது. உள்ளே இருந்த தூக்க மாத்திரையைப் பார்த்ததும் மயக்க மருத்துவர், "குறட்டை விடுவாரா? நடுவில் மூச்சு நிற்குமா?" என்று கேட்டுவிட்டு, மயக்க மருந்தின் அளவைக் குறைத்தார்.

வயதானவர்களுக்கு மிடாசோலம் என்ற மயக்க மருந்து கொஞ்சமே போதும், தெளியவும் நேரமாகும். ஃபென்டனில் என்ற வலி மருந்தோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். இவை இரண்டுக்கும் முறிமருந்து உண்டு. புரோபோஃபால் என்ற இன்னொரு மயக்க மருந்து சீக்கிரம் தெளியும், ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கிவிடலாம், அதற்கு முறிமருந்து கிடையாது. ஆகவே மருந்தின் பெயரைவிட, மூச்சையும் ஆக்சிஜனையும் கவனிக்கவென்றே தனியாக ஒருவர் இருப்பாரா என்று கேட்பதுதான் என் கணக்கில் முக்கியம். மயக்கமே இல்லாமல் செய்துகொள்பவர்களும் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்புறம், திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார வைக்காமல் ஆட்டோ பிடியுங்கள். அன்றிரவு அவர் பாத்ரூமுக்கு எழுந்தால் கூடவே ஒருவர் போகட்டும்.