ஓவன்ஸ் பள்ளத்தாக்கை ஒரே நாள்ல பாக்கணுமா, தண்ணி போன வழியைப் புடிங்க

கலிஃபோர்னியாவுல லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்து 395 நெடுஞ்சாலையைப் புடிச்சு மேமத் மலை ஊருக்குப் போறவங்க நிறைய பேரு வழியில ஓவன்ஸ் பள்ளத்தாக்குல பெட்ரோல் போட மட்டும்தான் நிறுத்துறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். அடுத்த தடவை ஒரு முழு நாள் ஒதுக்குங்க, தெற்குல ஆரம்பிச்சு வடக்கே போங்க, எதைப் பாத்தாலும் இங்க இருந்த தண்ணி எங்க போச்சுன்னு கேட்டுக்கிட்டே போங்க.

மேற்குல சியரா நெவாடா, கிழக்குல வைட் மலையும் இன்யோ மலையும், நடுவுல இருந்த நிலம் அப்படியே கீழ எறங்கினதுதான் இந்தப் பள்ளத்தாக்கு. கடல்ல இருந்து வர்ற மேகத்தை சியராவே புழிஞ்சிடும், அதனால கீழ மழை சொற்பம், ஆனா மலையில பனி உருகி ஓடை ஓடையா எறங்கும்.

முதல்ல ஓவன்ஸ் ஏரி. ஓவன்ஸ் ஆறு வந்து முடியுற இடம் இதுதான். 1913-ல லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தோட தண்ணி இன்ஜினியர் வில்லியம் மல்ஹாலண்ட் கட்டின கால்வாய் திறந்துச்சு, 233 மைல், பம்பு கிடையாது, சரிவுலயே லாஸ் ஏஞ்சல்ஸ் வரை தண்ணி ஓடுது. பதினஞ்சு வருஷத்துக்குள்ள ஏரி காஞ்சிடுச்சு. கரையில எறங்கி நடந்தா உப்புப் பொருக்கு காலுக்கடியில அப்பளம் மாதிரி நொறுங்கும். புழுதி அடங்க இப்ப அங்கங்க தண்ணி பாய்ச்சி வச்சிருக்காங்க, அதுக்குப் பறவைங்க வருது, பைனாகுலர் எடுத்துக்கோங்க.

அடுத்து லோன் பைன். நீங்க நிக்கிறது 3,700 அடி சொச்சம், எதிர்ல விட்னி சிகரம் 14,505 அடி. 1872 மார்ச் 26 நிலநடுக்கத்துல இங்க 27 பேரு செத்தாங்க, அவங்கள்ல 16 பேரோட பொது சமாதி ஊருக்கு வடக்க ரோட்டோரமே இருக்கு. 1924 நவம்பர்ல தண்ணி போன கோபத்துல ஊர்க்காரங்க பக்கத்துல இருக்குற, அந்தக் கால்வாயோட அலபாமா கேட்ஸ் மதகைத் திறந்து நாலு நாள் தண்ணியப் பழைய ஆத்துக்கே திருப்பி விட்டாங்க.

அதிக நேரம் மன்சனார்ல செலவழிங்க, ரெண்டு மணி நேரமாவது. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல, 1942-லேர்ந்து 1945 வரை, அமெரிக்க அரசு ஜப்பானிய அமெரிக்கர்களை, ஒரு கட்டத்துல 10,000 பேருக்கு மேல, முள்கம்பிக்குள்ள அடைச்சு வச்ச முகாம். ஆனா அதுக்கு முன்னாடி அது பழத்தோட்ட ஊரு, ஸ்பானிஷ்ல மன்சனார்னா ஆப்பிள் தோட்டம், லாஸ் ஏஞ்சல்ஸ் தண்ணி உரிமைக்காக நிலத்தை வாங்கினதும் ஊரே காலியாச்சு; அதுக்கும் முன்னாடி பையூட்ங்கிற பூர்வகுடி மக்கள் இருந்த மண்ணு, 1863-ல ராணுவம் அவங்களை இந்தப் பள்ளத்தாக்கை விட்டே தொரத்துச்சு. ஒரே மண்ணுல மூணு தடவை மக்கள் எடம் பேர்ந்த கதை. மியூசியத்தோட நிறுத்திடாதீங்க, பின்னாடி நடங்க, முகாம்ல இருந்தவங்க கல்லு அடுக்கிக் கட்டின குளங்களும் தோட்டக்காரங்க விட்டுட்டுப் போன பேரி மரங்களும் இன்னும் இருக்கு, வசந்தத்துல போனா அந்தக் கெழ மரத்துல வெள்ளையா பூ பூத்து நிக்கும்.

நேரம் இருந்தா பிக் பைன் ஊர்ல கிழக்கால திரும்பி ஷுல்மன் தோப்பு போங்க, 4,800 வருஷத்துக்கு மேல ஆன பிரிஸ்டில்கோன் பைன் மரம் அந்தப் பக்கம்தான், எதுன்னு போர்டு வைக்க மாட்டாங்க. பத்தாயிரம் அடிக்கு மேல, மூச்சு வாங்கும், மெதுவா நடங்க, பனிக்காலத்துல ரோடு மூடிடும்.

கடைசியா பிஷப்ல பையூட் ஷோஷோனி பண்பாட்டு மையம். மல்ஹாலண்டுக்கு ரொம்ப காலம் முன்னாடியே இந்த மக்கள் ஓடைய மறிச்சு வாய்க்கால் வெட்டி, கிழங்குச் செடிக்குத் தண்ணி பாய்ச்சியிருக்காங்க. அவங்க இந்த எடத்துக்கு வச்ச பேரு பயஹூநடு, தண்ணி ஓடுற இடம்.