உறுதிப்பூசுதல் வகுப்பு எடுப்பது எப்படி? முதன்முறை பொறுப்பேற்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு

"இந்த வருஷம் ஆயர் வருகிறார், உறுதிப்பூசுதல் வகுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டாரா? இந்தப் பதிவு உங்களுக்குத்தான். உறுதிப்பூசுதல் என்பது, திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர்களின் நெற்றியில் ஆயர் தைலம் பூசித் தூய ஆவியின் அருளை வழங்கும் அருள்சாதனம். புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்பில் பழகியவர்கள்கூட இதில் திணறுவார்கள். புதுநன்மைப் பிள்ளைகள் சொன்னதைத் திருப்பிச் சொல்வார்கள். இவர்கள் பெரும்பாலும் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறவர்கள். "ஏன்?" என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

நான் எழுதுவது தமிழ்நாட்டு இலத்தீன் வழிபாட்டுமுறைப் பங்குகளின் நடைமுறை. வயது வரம்பு மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறும், உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உறுதிப்பூசுதல் தனியாக நிற்கிற விழா இல்லை. திருமுழுக்கில் தொடங்கியதன் தொடர்ச்சி அது. கீழே வரும் ஒவ்வொரு வேலையும் எப்படியோ திருமுழுக்கில்தான் போய் நிற்கும்.

1. முதல் வேலை சான்றிதழ்

பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே திருமுழுக்குச் சான்றிதழைக் கேளுங்கள். இங்கேதான் எங்கள் பங்கு ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டது.

நம் பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே. பிறந்த கையோடு அம்மாவின் ஊர்க் கோயிலிலேயே திருமுழுக்கும் கொடுத்துவிடுவார்கள். ஆக, பிள்ளை வளர்வது நம் பங்கில், பதிவேடு இருப்பது எங்கோ ஓர் ஊரில். விழா நெருங்கிய பிறகும் சில பிள்ளைகளின் சான்றிதழ் வரவில்லை. ஒரு பையனின் தாய்மாமா ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போய் வாங்கிவந்தார். வகுப்பு தொடங்கும் அன்றே பெற்றோரிடம் "எந்தக் கோயிலில் திருமுழுக்கு?" என்று கேட்டு எழுதி வாங்கியிருந்தால் இந்த ஓட்டமே தேவைப்பட்டிருக்காது.

அடுத்தது பெயர்ச் சிக்கல். பதிவேட்டில் பாட்டியின் பெயரான சவேரியம்மாள் இருக்கும், பள்ளியில் ஷாலினி என்று இருக்கும். அந்தோணி, ஆன்டனி ஆகியிருப்பார். சூசை, ஜோசப் ஆகியிருப்பார். நீங்களாக எதையும் திருத்த வேண்டாம். படிவத்தில் இரண்டு பெயரையும் எழுதி, பக்கத்தில் அப்பா அம்மா பெயரையும் பிறந்த தேதியையும் குறித்துப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் எண்படி, உறுதிப்பூசுதல் பெற்றதைத் திருமுழுக்குப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும். பிற்பாடு கல்யாண ஓலை வாசிக்கும் (திருமண அறிவிப்பைக் கோயிலில் படிக்கும்) நேரத்தில் திருமுழுக்கு கொடுத்த ஊரிலிருந்து புதிய சான்றிதழ் கேட்பார்கள். அதில் இந்தக் குறிப்பு இல்லையென்றால் அலைச்சல்தான். விழா முடிந்த கையோடு, வெளியூரில் திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்காகவும் அந்தந்தப் பங்குக்கு அறிவிப்புக் கடிதம் போக வேண்டும். பங்கு அலுவலகத்தில் கூடவே நின்று அனுப்பவைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

2. ஞானப்பெற்றோர்

பிள்ளைக்கு விசுவாசத் துணையாகப் பக்கத்தில் நிற்கிறவர்தான் ஞானப்பெற்றோர். யார் நிற்கலாம்? பதினாறு வயது நிறைந்தவர், கத்தோலிக்கர், உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்றவர், விசுவாச வாழ்வு வாழ்பவர். பெற்ற அப்பா அம்மா கூடாது. திருமுழுக்கின்போது நின்ற ஞானத்தாயோ ஞானத்தந்தையோ இப்போதும் நிற்பது நல்லது என்று சட்டமே சொல்கிறது.

சில இடங்களில் எல்லாப் பையன்களுக்கும் ஒரே ஆள், எல்லாப் பெண்களுக்கும் ஒரே ஆள் என்று நிறுத்திவிடுகிறார்கள். வரிசை சீக்கிரம் நகரும், உண்மைதான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பிள்ளையின் தோளில் கை வைத்து நிற்கிறவர், நாளைக்கு அந்தப் பிள்ளை கோயிலுக்கு வராமல் போனால் வீடு தேடிப் போய்க் கேட்கிறவராக இருக்க வேண்டும். உறவில் ஆள் கிடைக்காவிட்டால் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவில்) கேளுங்கள், மனமுவந்து வருவார்கள்.

3. பாடங்கள்

செபங்கள், பத்துக் கட்டளை, ஏழு அருள்சாதனம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் நான் போகவில்லை. திருத்தூதர் பணிகளில் இரண்டு இடங்களை மட்டும் அவசரப்படாமல் நடத்துங்கள். ஒன்று, 2ஆம் அதிகாரத்துப் பெந்தகோஸ்து. இன்னொன்று, 8ஆம் அதிகாரத்தில் பேதுருவும் யோவானும் சமாரியாவுக்குப் போய், ஏற்கனவே திருமுழுக்குப் பெற்றிருந்தவர்கள் மேல் கைகளை வைத்துத் தூய ஆவியைப் பெறச்செய்வது. "திருமுழுக்கு ஏற்கனவே வாங்கிட்டோமே, அப்புறம் இது எதுக்கு?" என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். அந்தப் பகுதியைத் திறந்து அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.

தூய ஆவியின் ஏழு கொடைகளை மனப்பாடம் செய்ய வைப்பதோடு விடாதீர்கள். ஒவ்வொரு கொடைக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம் எழுதச் சொல்லுங்கள். அறிவுரைத்திறனுக்கு ஒரு பெண் எழுதியிருந்தாள்: ஹாஸ்டலை விட்டு ஓடிப்போக இருந்த தோழியிடம், "முதல்ல உங்க அம்மாவுக்கு ஒரு போன் பண்ணு" என்று தன் கைக்காசைக் கொடுத்தாளாம். மற்ற பிள்ளைகளுக்கு அந்தக் கொடை அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்தக் கொடைகள் வரும் எசாயா 11:2ஐத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. எண்ணிப் பார்க்கிற பிள்ளை அங்கே ஆறுதான் இருக்கிறது என்று சொல்லும். சரியாகத்தான் சொல்கிறது. பழைய கிரேக்க, இலத்தீன் விவிலியங்களில் பக்தியும் சேர்ந்து ஏழாகிறது, திருச்சபை அந்த வழக்கத்தில் எண்ணுகிறது. தூய ஆவியின் கனிகளும் இப்படித்தான்: கலாத்தியர் 5இல் ஒன்பது, மறைக்கல்வியில் பன்னிரண்டு.

ப்ரொஜெக்டர் வேண்டாம் என்பது என் கட்சி. ஆளுக்கொரு திருவிவிலியம், ஒரு நாற்பது பக்க நோட்டு, அது போதும். வாட்ஸ்அப் குழு பெற்றோருக்கு மட்டும்.

4. ஒத்திகை

கோயிலுக்குள்ளேயே, ஞானப்பெற்றோரையும் வரவழைத்துச் செய்யுங்கள். மறையுரை முடிந்ததும் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார்கள். குழந்தையாக இருந்தபோது இவர்களுக்காக மற்றவர்கள் சொன்ன பதிலை இப்போது இவர்களே சொல்கிறார்கள். "விட்டுவிடுகிறேன்", "நம்புகிறேன்" என்ற குரல் கடைசி பெஞ்சு வரை கேட்க வேண்டும். முணுமுணுத்தால் திரும்பச் சொல்ல வையுங்கள்.

பிறகு ஆயர் எல்லார்மேலும் கைகளை விரித்துச் செபிப்பார். அப்புறம் ஒவ்வொருவராக அவர் முன்னால் போக வேண்டும். ஞானப்பெற்றோர் வலக்கையைப் பிள்ளையின் தோளில் வைப்பார். ஆயர் பெயர் சொல்லி அழைத்து, நெற்றியில் கிறிஸ்மா என்னும் அர்ச்சிக்கப்பட்ட தைலத்தால் சிலுவை வரைவார். பிள்ளை "ஆமென்" என்று சொல்லும். உடனே ஆயர் அமைதி கூறி வாழ்த்துவார், அதற்கும் பதில் உண்டு. இந்த இரண்டாவது பதிலைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒத்திகையில் பெரும்பகுதி நேரத்தை இதற்கே கொடுங்கள்.

பெயர் அட்டை பெரிய எழுத்தில், கெட்டி அட்டையில், மார்பில் குத்தியதாக இருக்கட்டும். கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பார்கள். நெற்றியில் பவுடரோ பொட்டோ வேண்டாம், முன்முடியைக் கிளிப் போட்டு ஒதுக்கச் சொல்லுங்கள். ஆயர் கை துடைக்கப் பஞ்சு, எலுமிச்சைத் துண்டு, ரொட்டி, தண்ணீர், துண்டு எல்லாம் ஒரு சின்ன மேசையில் தயாராக இருக்கட்டும்.

5. விழாவுக்கு முன்

ஒருநாள் தியானம், பாவசங்கீர்த்தனம். இதை விழா அன்று காலைக்குத் தள்ளாதீர்கள். பூவும் புதுத்துணியும் போட்டோவுமாக இருக்கிற நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் மனசு நிற்காது. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு உண்டு, தண்ணீரும் மருந்தும் தடையில்லை. மயக்கம் வருகிற பிள்ளைகளைக் காலையில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: இந்தப் பதிவைப் படித்தவர்கள் கேட்டவை

"ஞானத்தாய் இப்போது வேறு சபைக்குப் போய்விட்டார், அவரையே நிறுத்தலாமா?" முடியாது. அவர் மனம் நோகாமல் விஷயத்தைச் சொல்லி, வேறொருவரைத் தேர்ந்தெடுங்கள். விழாவுக்கும் சாப்பாட்டுக்கும் அவரை அவசியம் அழையுங்கள்.

"ஆயர் கன்னத்தில் தட்டுவாராமே?" தாத்தா பாட்டிகள் சொல்வது பழைய சடங்கு. 1971இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்குமுறையைப் புதுப்பித்தபோது அது எடுக்கப்பட்டது.

"திருப்பூரில் வேலை பார்க்கிறேன், கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, உறுதிப்பூசுதல் வாங்கவில்லை." பெரிய இடையூறு இல்லையென்றால் திருமணத்துக்கு முன்பே பெற்றுக்கொள்ளுங்கள். சொந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. இருக்கிற பங்கின் தந்தையைப் பாருங்கள். போகும்போது திருமுழுக்குச் சான்றிதழையும் சொந்தப் பங்குத்தந்தையின் கடிதத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.