கேலி செய்யப்படும் வகுப்புத் தோழனுக்கு ஒரு வாக்கியம் போதும்

இலங்கையில் ஹட்டன் பக்கம் நான் படித்த தேயிலைத் தோட்டப் பாடசாலையில், திக்கிப் பேசும் ஒரு பையனை இடைவேளை தோறும் சுற்றி நின்று கேலி செய்வார்கள். நானும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றவன்தான். அது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேலி செய்கிறவனோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பெரும்பாலும் அது சண்டையாகிவிடும், அப்புறம் அடியும் அந்தப் பையனுக்கே விழும். நேராக அவன் பக்கத்தில் போய் நின்று, “வாடா, தண்ணி குடிச்சிட்டு வருவோம்” என்று கூட்டிக்கொண்டு வாருங்கள். கூட ஒரு நண்பனும் வந்தால் இன்னும் நல்லது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்காவிட்டால் கேலிக்குப் பாதி பலம் போய்விடும்.

அவன் பேசும்போது சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். முகத்தைப் பார்த்துப் பொறுமையாகக் கேளுங்கள். மற்றவர்கள் வைத்த பட்டப்பெயரை விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பும் வழியில் அவனோடு சேர்ந்து நடங்கள். பாடசாலை விட்டதும் பாதையில்தான் தொல்லை அதிகம்.

அடுத்தது வகுப்பாசிரியர். எல்லார் முன்னிலையிலும் வேண்டாம், தனியாகப் போய் எந்த நாள், எங்கே, என்ன சொன்னார்கள் என்று சொல்லுங்கள். இது கோள் சொல்வது ஆகாது. அவர் கவனிக்காவிட்டால் பாடசாலை அதிபரிடம் போங்கள். அடி, மிரட்டல் என்று போனால் வீட்டில் சொல்லி, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.