குடும்ப நலக் கூட்டங்களில் இன்னும் விட்டுப்போகும் ஒரு வாக்கியம்

ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான கருத்தடை விழிப்புணர்வு இருவாரம். சென்ற முறை ஒரு கிராமத்துக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத செவிலியர் பெண் பேசினாள். கணீரென்ற குரல், தடுமாற்றமே இல்லை. ஆனால் கிராம சுகாதாரச் செவிலியராகச் சேர்ந்த புதிதில் நான் விட்ட அதே வாக்கியத்தை அவளும் விட்டாள். பதிவேட்டைத் தப்பாக நிரப்புவது, மாத்திரை அட்டையை மறந்துவிட்டு வருவது எல்லாம் போகப்போகத் தானே சரியாகிவிடும். இது ஆகாது.

"நாளையிலிருந்து கவலையில்லை" என்பது

"கத்தி இல்லை, தையல் இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம்" என்றாள். அவ்வளவும் உண்மை. ஆனால் வாசக்டமியில், அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனில், அடைப்பது விந்தணு வரும் குழாயை மட்டும்தான். அடைப்புக்கு அப்பால் முன்பே தங்கிவிட்ட விந்தணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை நிரோத், அதாவது ஆணுறை, வேண்டும். பிறகு பரிசோதனையில் அணு இல்லை என்று வந்தால்தான் ஆபரேஷன் பலித்தது என்று பொருள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு தறிக்காரரை முகாமுக்கு அழைத்துப் போனேன். அந்த ஊரிலிருந்து போன முதல் ஆண். அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முடிந்ததும் நிரோத் பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன், எதற்கென்று சொல்லவில்லை. இனிமேல் இது எதற்கு என்று அவர் அதைப் பரண்மேல் போட்டுவிட்டார்.

மூன்றாம் மாதம் அவர் மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. ஒரு ராத்திரி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றாள். "யாருடையது என்று கேட்கிறார், நர்சம்மா." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அவரைப் பரிசோதித்ததில் அணு இருந்தது. டாக்டர் விளக்கிச் சொல்லி, தாளிலும் எழுதிக் கொடுத்தார். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் நம்பினார், அவருடைய அம்மா நம்பவில்லை. தெருவில் எத்தனை பேரிடம் அந்தத் தாளைப் பிரித்துக் காட்டுவது? பிறந்த குழந்தை யார் ஜாடை என்று பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். நான் அந்த ஊரில் இருந்தவரை இன்னோர் ஆண் முகாமுக்கு வரவில்லை.

சொன்னால் ஆள் நழுவிவிடுவார் என்ற பயத்தில்தான் இதை விழுங்குகிறோம். அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நழுவுவதற்கு ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? எமர்ஜென்சியில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை செய்தார்கள், எத்தனையோ பேருக்குக் கட்டாயப்படுத்தி. அந்தப் பேச்சு இன்னும் திண்ணைகளில் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3. தப்பித்தவறி வருகிற ஒருவரையும் இப்படி அனுப்பலாமா?

மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அவளுக்கு அதுதான் சாட்சி. பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

பக்கவிளைவே கிடையாது என்பது

காப்பர் டி போட்ட முதல் சில மாதங்கள் உதிரப்போக்கு கூடலாம், வயிறு வலிக்கலாம். முன்பே தெரிந்தால் பொறுத்துக்கொள்வாள். தெரியாவிட்டால் எடுக்கச் சொல்லி வருவாள், வரும் வழியில் நாலு வீட்டில் சொல்லிவிட்டும் வருவாள். அந்தரா என்ற கருத்தடை ஊசியில் மாதவிலக்கு நின்றுபோகலாம். கெட்ட ரத்தம் உள்ளேயே தங்குகிறது என்று ஊர் சொல்வதற்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள். சாயா என்ற கருத்தடை மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டுக் கொடுங்கள்.

மாமியாரை வெளியே அனுப்புவது

மருமகளிடம் தனியாகப் பேச அனுப்பலாம், அவர் கையால் ஒரு காபி குடித்த பிறகு.

இலக்கு

இத்தனை பேருக்குக் கருத்தடை செய்தாக வேண்டும் என்ற கணக்கை 1996-இல் ஒழித்துவிட்டார்கள். மாதக் கூட்டத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

கூட்டம் கலைந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்பது

அன்று அந்தப் பெண்ணை ஓரமாக அழைத்து மூன்று மாதக் கணக்கைச் சொன்னேன். முகம் மாறியது. ஓடிப்போய் மைக்கைத் திரும்ப வாங்கினாள். அதற்குள் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த எட்டுப் பேரில் ஏழு பேர் பெண்கள்.