மாநிலம் மாறும்போது கார் பதிவும் இன்சூரன்ஸும்

அமெரிக்காவுக்கு வந்து செட்டிலாவதற்குள் ப்ராஜெக்ட் மாறி, வேறு மாநிலத்துக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். சாமான்களை ஏற்றிக்கொண்டு காரில் போய்விடுவோம். நம்பர் பிளேட்டும் பாலிசியும் பழைய மாநிலத்தினுடையதாகவே இருக்கும். "பாலிசி முடிய இன்னும் நாலு மாசம் இருக்கே" என்று தள்ளிப்போடுவதுதான் வழக்கம். அது சரிப்படாது.

பிரீமியத்தைக் கணக்கிடும்போது, கார் வழக்கமாக இரவில் எங்கே நிற்கிறது என்பதை இன்சூரன்ஸ் கம்பெனி முக்கியமாகப் பார்க்கும். செலவு குறையும் என்று நண்பர் வீட்டு முகவரியைக் கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மாதாமாதம் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். விபத்து நடந்து க்ளெய்ம் போடும்போதுதான் முகவரியைத் துருவுவார்கள். பொய் என்று தெரிந்தால் க்ளெய்மை மறுக்கலாம், பாலிசியையே ரத்து செய்யலாம்.

கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் குடியேறிய 20 நாளுக்குள் காரைப் பதிய வேண்டும். லைசென்ஸுக்கு 10 நாள்தான். டெக்சாஸில் காருக்கு 30 நாள், லைசென்ஸுக்கு 90. நியூ ஜெர்சியில் இரண்டுக்கும் 60.

வரிசைதான் முக்கியம். முதலில் புது முகவரிக்குப் பாலிசி எடுங்கள். அந்தச் சான்று இல்லாமல் பதிவுக்குப் போய்ப் பயனில்லை. டெக்சாஸில் பதிவு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) டாக்ஸ் ஆபீஸில் நடக்கும், லைசென்ஸ் வேறு அலுவலகத்தில். வெளிமாநிலத்தில் உங்கள் பெயரில் பதிவான காரைக் கொண்டுவந்தால், விற்பனை வரிக்குப் பதிலாக அங்கே 90 டாலர் புதுக்குடியேறி வரி. காருக்கு லோன் இருந்தால் டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம், வங்கியிடம் இருக்கலாம். லீஸ் என்றால் லீஸ் கம்பெனியின் கடிதமும் தேவைப்படும். இதற்குத்தான் நாள் இழுக்கும் என்பதால் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே போன் போட்டுவிடுங்கள்.

அப்புறம், பழைய பாலிசியைக் கடைசியில்தான் நிறுத்த வேண்டும். நியூயார்க்கில் பிளேட்டை ஒப்படைக்கும் முன் இன்சூரன்ஸை நிறுத்தினால், பதிவோடு லைசென்ஸும் முடக்கப்படலாம்.

புதுப் பாலிசி எடுக்கும்போது சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தோடு நிற்காதீர்கள். டெக்சாஸில் அது ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர். பெரிய விபத்தென்றால் ஆஸ்பத்திரி பில்லுக்கே காணாது.

பிளேட் மாறியதும் டோல் கணக்கில் புது நம்பரைச் சேர்த்து, பழையதை எடுத்துவிடுங்கள்.